யானைக்காற் புழுவின் மறைந்த துணை

மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் அந்நாட்டு மக்கள் இட்ட பெயர்கள் அழகானவை. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கே, கதிரவன் மறையும் திசையில், வயல்களும் காடுகளுமாய் விரிந்து கிடப்பது படுவான்கரை. ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமுள்ள அவ்வாவியின் நீர் கடலோடு கலந்த உவர்நீர். அதற்கு மேற்கேயோ உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களின் நன்னீர். உவர்நீரை நம்பி மீன்பிடிப்போரும் நன்னீரை நம்பி நெல் விளைவிப்போரும் காலங்காலமாக வாழ்ந்துவரும் நாடு அது. நீரோடு வாழும் மக்களுக்கு நீரால் வரும் நன்மையோடு நீரால் வரும் நோயும் உண்டு. அத்தகைய நோய்களுள் மனிதனைக் கொல்லாமல் வாழ்நாள் முழுவதும் வதைப்பது யானைக்கால்.

யானைக்கால் நோய் தமிழருக்குப் புதியதன்று. அதன் பெயரே அதன் தோற்றத்தைச் சொல்லிவிடுகின்றது. கால் வீங்கி, தோல் தடித்து, மடிப்பு மடிப்பாகி, இறுதியில் யானையின் கால் போன்று ஆகிவிடும். நோய் கண்டவன் வயலில் இறங்க இயலான், வள்ளம் வலிக்க இயலான். திருமணப் பேச்சில் அக்குடும்பத்தின் பெயர் எடுபடாது. கோயில் திருவிழாவிலும் அவன் பின்வரிசையில், காலைத் துணியால் மறைத்துக்கொண்டு நிற்பான். முன்வினையென்றும், தெய்வக் குற்றமென்றும், கெட்ட நீரென்றும் முன்னோர் இதற்குக் காரணம் கூறி வந்தனர். உண்மைக் காரணம் நூல் போன்ற ஒரு புழு என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேதான் தெளிவாயிற்று.

1872 இல் கல்கத்தாவில் பணிபுரிந்த திமோதி லூயிஸ் என்னும் வைத்தியர் மனித இரத்தத்தில் நெளியும் நுண்ணிய புழுக்குஞ்சுகளைக் கண்டார். 1877 இல் சீனத்து அமோய்த் துறைமுகத்தில் பற்றிக் மான்சன் என்பார் அக்குஞ்சுகள் நுளம்பின் உடலிற் புகுந்து வளர்வதைக் கண்டறிந்தார். அக்குஞ்சுகள் பகலில் நுரையீரலின் நாளங்களில் ஒதுங்கியிருந்து, இரவில் நுளம்பு கடிக்க வரும் வேளையில் மேல்தோலின் இரத்தத்திற்கு வந்து சேர்கின்றன என்பதும் மான்சன் வழியே உலகறிந்த விந்தையாகும். இதனாலேயே இந்நோயைத் தேடிச் சென்ற சுகாதாரப் பகுதியார், ஊர் உறங்கும் வேளையில் கைவிளக்கோடு வீடுவீடாகச் சென்று விரல் நுனியில் இரத்தம் எடுக்க வேண்டியதாயிற்று.

யானைக்காலை விளைவிக்கும் புழு ஒன்றன்று. நகரத்துச் சாக்கடை நீரில் வளரும் கியூலெக்ஸ் நுளம்பு பரப்புவது வுச்சரேரியா என்னும் புழு. இலங்கையின் தென்மேற்குக் கரையோரத்தைப் பெரிதும் வருத்தியது இதுவே. மற்றொன்று புருகியா மலாயி. 1927 இல் ஒல்லாந்தரான புருக் என்பார் கிழக்கிந்தியத் தீவுகளிற் கண்டு விவரித்த இப்புழு பெரும்பாலும் முழங்காலுக்குக் கீழே வீக்கத்தை உண்டாக்கும். இது நாட்டுப்புறத்து நோய். 1930களின் பிற்பகுதியில் இலங்கையில் நிகழ்ந்த ஆய்வுகள், கிழக்கு மாகாணம் உள்ளிட்ட நாட்டுப்புறப் பகுதிகளில் இப்புழு குடிகொண்டிருப்பதை எடுத்துக்காட்டின.

புருகியாவைச் சுமந்து செல்லும் மன்சோனியா நுளம்பு வினோதமானது. பிற நுளம்புகளின் குடம்பிகள் மூச்சு விடுவதற்கு நீரின் மேற்பரப்புக்கு வரும். அதனால் நீரின்மேல் எண்ணெய் தெளித்தால் அவை மூச்சுத் திணறி மடியும். மலேரியாவுக்கு எதிராக இம்முறை நன்கு பயன்பட்டது. மன்சோனியாவின் குடம்பியோ மேலே வருவதில்லை. நீர்த்தாவரங்களின் வேரைத் தன் கூரிய குழாயாற் குத்தி, வேருக்குள் இருக்கும் காற்றையே உறிஞ்சி வாழ்கின்றது. எனவே எண்ணெய்க்கு அது அஞ்சுவதில்லை. குளத்தில் மிதக்கும் ஆகாயத்தாமரை இருக்கும்வரை நுளம்பு இருக்கும். ஆகாயத்தாமரையைக் களைந்தால் நுளம்புக்கு மூச்சில்லை. மட்டக்களப்பு வாவியின் உவர்நீர் இத்தாவரத்துக்கு ஒவ்வாதது. வயலோரத்து மடுக்களும் பள்ளங்களும் தூர்ந்த குளங்களுமே அதற்கு உகந்த இடங்கள்.

1939 இல் ஆய்வுக்கென்று கொழும்புக்குக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா என்னும் நீர்ப்பன்னம், கட்டுக்கடங்காமல் நாட்டின் நீர்நிலைகளிற் பரவி இத்தொல்லையை மேலும் பெருக்கியது. அதன் அடியிலும் மன்சோனியா வளர்ந்தது. இப்பன்னத்தை அழிக்கும் வழிகளைப் பற்றிச் சௌ, தேவசகாயம், வம்பீக் ஆகிய மூவரும் எழுதிய ஆய்வு 1955 இல் உலக சுகாதார நிறுவனத்தின் ஏட்டில் வெளிவந்தது. நோயை ஒழிக்க மருந்துக் குப்பியை மட்டும் நம்பாமல் மண்வெட்டியோடும் களைக்கொல்லியோடும் குளத்தில் இறங்கிய காலம் அது.

இலங்கையில் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் 1947 இல் தொடங்கப்பெற்றது. அதே 1947 இல்தான் அமெரிக்காவில் இந்நோய்க்குரிய முதல் நல்ல மருந்தும் அறிவிக்கப்பட்டது. டைஎதில்கார்பமசீன் என்னும் அதன் நெடும் பெயரை மக்கள் அறியார். ஹெட்ராசான் என்னும் வணிகப் பெயராலேயே அது பரவியது. அம்மருந்து பிறந்த லெடர்லி ஆய்வுகூடத்தின் ஆராய்ச்சித் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895 இல் ஆந்திர நாட்டுப் பீமவரத்திற் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்று, 1923 இல் பொஸ்டன் நகரத்து ஹார்வார்ட் பல்கலைக்கழகத்துக்கு வெப்பநாட்டு மருத்துவம் கற்கச் சென்றவர் அவர். பருத்தி எலி என்னும் சிறு பிராணியின் உடலில் இயற்கையாகவே வாழும் லிற்றோமோசோயிடிஸ் என்னும் யானைக்கால் இனப் புழுவைக் கொண்டு, எண்ணற்ற வேதிப்பொருள்களைச் சோதித்து, அவருடைய குழுவினர் ஹெட்ராசானைத் தேர்ந்தெடுத்தனர்.

மறு ஆண்டு 1948 இல், அதே ஆய்வுகூடம் மற்றொரு மருந்தை உலகுக்கு அளித்தது. முதிய தாவரவியலாளரான பெஞ்சமின் டகர், மிசூரிப் பல்கலைக்கழகத்துப் பயிர்நிலத்தின் மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சணம் போன்ற ஒரு நுண்ணுயிரிலிருந்து பொன்னிறமான ஒரு பொருளைப் பிரித்தெடுத்தார். ஒரியோமைசின் என்று அதற்குப் பெயரிட்டனர். அன்ரிபயோட்டிக் எனப்படும் நுண்ணுயிர்க்கொல்லிகளில் டெட்ராசைக்கிளின் குடும்பத்துக்கு இதுவே மூத்த பிள்ளை. இம்முயற்சிக்கும் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் சுப்பாராவே. அது அறிவிக்கப்பட்ட சில வாரங்களுக்குள், 1948 ஓகஸ்ட் 8 ஆம் நாள், தமது 53 ஆம் வயதில் அவர் காலமானார்.

இவ்விரு மருந்துகளும் ஒரே கூரையின்கீழ், ஒரே தலைவரின் மேற்பார்வையில், ஓராண்டு இடைவெளியிற் பிறந்தவை. ஒன்று புழுவுக்கு, மற்றது பற்றீரியாவுக்கு என்று உலகம் அவற்றைப் பிரித்து வைத்தது. இரண்டாவது மருந்தின் வழித்தோன்றல் முதல் மருந்தின் பகைவனையே வீழ்த்தவல்லது என்பதை அறிய அரை நூற்றாண்டு சென்றது.

ஹெட்ராசான் பேருதவி புரிந்தது என்பதில் ஐயமில்லை. இரத்தத்திலுள்ள குஞ்சுகளை அது விரைவில் அழித்தது. ஆயினும் அதற்கு இரு குறைகள் இருந்தன. நிணநீர் நாளங்களுக்குள் பின்னிக்கிடந்து பல ஆண்டுகள் உயிர்வாழும் முதிய புழுக்களை அது முற்றாகக் கொல்வதில்லை. தப்பிய பெண்புழு மீண்டும் குஞ்சு பொரிக்கும். இது ஒரு குறை. குளிசை விழுங்கிய அன்றே சிலருக்குக் காய்ச்சலும் தலையிடியும் உடல் நோவும் தோன்றும் என்பது மற்றது. நோயின் அறிகுறி ஏதுமின்றி, இரத்தத்தில் மட்டும் குஞ்சுகளைச் சுமந்து திரிபவனுக்கே இத்தொல்லை மிகும். சுகமாயிருந்தவனைக் குளிசை படுக்கையில் வீழ்த்திற்று என்ற பேச்சு ஓரூரில் எழுந்துவிட்டால், அடுத்த ஊரில் குளிசையை வாங்குவோர் குறைவர். இறக்கும் புழுக்குஞ்சுகளே அக்காய்ச்சலுக்குக் காரணமென்று வைத்தியர் விளக்கினர். ஆனால் புழுவுக்குள் இருந்த எது அத்துணைக் காய்ச்சலை மூட்டியது என்பது அக்காலத்தில் விளங்கவில்லை.

அதற்கு விடை தரக்கூடிய உயிர் ஏற்கெனவே கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. 1924 இல் மார்ஷல் ஹேர்ட்டிக், பேர்ட் வொல்பாக் என்னும் இருவர் பொஸ்டன் வட்டாரத்து நுளம்புகளின் உடற் கலங்களுக்குள்ளே வாழும் நுண்ணிய பற்றீரியா ஒன்றைக் கண்டனர். அவர்கள் பணிபுரிந்த இடம், சுப்பாராவ் மாணவராக வந்து சேர்ந்திருந்த அதே ஹார்வார்ட். 1936 இல் ஹேர்ட்டிக் தம் தோழரின் பெயரை நிலைநிறுத்தி அதனை வொல்பாக்கியா என அழைத்தார். நுளம்பு ஆராய்ச்சியாளர் சிலரைத் தவிர வேறு எவரும் நெடுங்காலம் அதனைப் பொருட்படுத்தவில்லை.

1970களில் மின்னணு நுணுக்குக்காட்டி யானைக்கால் இனப் புழுக்களின் உட்புறத்தைக் காட்டியபோது, புழுவின் கலங்களுக்குள்ளும் பெண்புழுவின் சூலகத்துக்குள்ளும் பற்றீரியா போன்ற உருவங்கள் தென்பட்டன. 1975 ஆம் ஆண்டிலும் 1977 ஆம் ஆண்டிலும் இது பற்றிய கட்டுரைகள் வெளிவந்தன. அவை தற்செயலாய் ஒட்டிக்கொண்டவை என்று எண்ணியவர் பலர். 1993 இல் டெட்ராசைக்கிளின் கொடுக்கப்பட்ட சிறு பிராணிகளில் புருகியா இனப் புழு வளரத் தடுமாறியது கண்டறியப்பட்டது. 1995 இல் நாயின் இருதயப் புழுவில் உள்ள பற்றீரியா வொல்பாக்கியாவே என்பதை மரபணு ஆராய்ச்சி உறுதிசெய்தது.

எஞ்சிய ஐயத்தை 1999 இல் ஜெர்மனியின் ஆகிம் ஹோராவும் அவர்தம் குழுவினரும் தீர்த்தனர். சுப்பாராவின் குழுவினர் ஹெட்ராசானைக் கண்டறியப் பயன்படுத்திய லிற்றோமோசோயிடிஸ் இனப் புழுவையே அவர்களும் எடுத்துக்கொண்டனர். டெட்ராசைக்கிளின் கொடுத்தபோது புழு வளர்ச்சி குன்றி மலடாயிற்று. இது மருந்தின் நச்சுத்தன்மையால் நேர்ந்ததா, பற்றீரியா மடிந்ததால் நேர்ந்ததா என்பதை எவ்வாறு அறிவது? வொல்பாக்கியா இல்லாத வேறொரு யானைக்கால் இனப் புழுவுக்கும் அதே மருந்தைக் கொடுத்துப் பார்த்தனர். அதற்கு எத்தீங்கும் நேரவில்லை. மருந்து புழுவைத் தொடவில்லை. புழுவின் துணையையே அழித்தது. துணை போனதும் புழு வாழ வகையற்றுப் போயிற்று.

பூவரசங்காயைக் குடையும் வண்டு போலன்றி, வொல்பாக்கியா தான் குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை செலுத்தும் குடி. 2005 இல் புருகியாவின் வொல்பாக்கியாவினது மரபணுத் தொகுதியும், 2007 இல் புருகியா மலாயியின் மரபணுத் தொகுதியும் முழுமையாக வாசிக்கப்பட்டன. மனிதனைப் பற்றும் உருளைப் புழுக்களுள் முதன்முதல் அவ்வாறு வாசிக்கப்பட்டது, கிழக்கு மாகாணத்து நாட்டுப்புறத்தை வருத்திய இப்புழுவேயாகும். இரத்தச் செம்மைக்குரிய ஹீம் என்னும் பொருளையும், சில உயிர்ச்சத்துக்களையும் ஆக்கும் வல்லமை பற்றீரியாவிடம் உண்டு. புழுவிடம் அது குறைவு. எனவே ஒன்றையொன்று விட்டு வாழ முடியாத உறவு அவற்றிடையே ஏற்பட்டுவிட்டது. தாய்ப்புழுவின் முட்டை வழியே வொல்பாக்கியா குஞ்சுகளுக்கும் செல்கின்றது. ஹெட்ராசானால் குஞ்சுகள் சிதையும்போது இப்பற்றீரியாவும் இரத்தத்திற் கொட்டப்படுவதே அந்தக் காய்ச்சலுக்குப் பெருங்காரணம் என்பதும் பின்னர் புலனாயிற்று.

மனிதரிடத்துச் சோதனை விரைவில் தொடர்ந்தது. 2000 ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் கானா நாட்டில், யானைக்கால் புழுவின் உறவுப் புழு விளைவிக்கும் ஆற்றுக் குருட்டு நோய்க்கு டொக்சிசைக்கிளின் கொடுக்கப்பட்டதன் பயன் வெளியிடப்பட்டது. டொக்சிசைக்கிளின் 1960களில் மருந்து உலகுக்கு வந்த, ஒரியோமைசின் குடும்பத்தின் இளைய உறுப்பு. 2005 இல் தன்சானியா நாட்டு யானைக்கால் நோயாளருக்கு நாள் ஒன்றுக்கு 200 மில்லிகிராம் வீதம் 8 வாரங்கள் கொடுத்த சோதனையின் முடிவு வெளிவந்தது. இரத்தத்திலுள்ள குஞ்சுகள் ஏறக்குறைய முற்றாக மறைந்தன. பெரும்பாலோரிடத்தில் முதிய புழுக்களும் மெல்ல மடிந்தன. ஹெட்ராசான் முற்றாகச் செய்ய இயலாததை, புழுவுக்கென்று செய்யப்படாத மருந்து செய்தது. புழு பல மாதங்களாக மெல்ல மெல்ல மடிவதால் காய்ச்சலும் குறைவு.

அங்ஙனமாயின் இதனை ஊர் முழுவதற்கும் வழங்கலாகாதா என்ற கேள்வி எழலாம். பல வாரங்கள் நாள் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மருந்து இது. கருவுற்ற பெண்களுக்கும் சிறு குழந்தைகளுக்கும் இந்நெடு மருத்துவம் ஆகாது. குழந்தைகளின் வளரும் பற்களில் டெட்ராசைக்கிளின் இனம் கறையை உண்டாக்கும். கண்டபடி பரப்பினால் ஏனைய நோய்க்கிருமிகள் அதற்குப் பழகிவிடும் அபாயமும் உண்டு. வைத்தியரின் கண்காணிப்பில் தனிப்பட்ட நோயாளருக்கே இது உரியது. மற்றொன்றும் நினைவிற் கொள்ளத்தக்கது. குழந்தைகளின் குடலில் வாழும் நாக்குப்பூச்சி, கொக்கிப்புழு ஆகியவற்றுள் வொல்பாக்கியா இல்லை. அவற்றுக்கு இம்மருந்தால் ஒரு பயனும் இல்லை. வயிற்றுப் புழுவுக்கென்று நுண்ணுயிர்க்கொல்லியை விழுங்குவது வீண் செலவும் தீங்குமாகும்.

இலங்கையின் வரலாறு வேறு வழியிற் சென்றது. கிராமத்துப் புருகியா நோய் 1960களின் இறுதியில் நாட்டை விட்டு மறைந்துவிட்டதெனக் கருதப்பட்டது. எஞ்சி நின்ற வுச்சரேரியா நோய்க்கெதிராக, மேல், தென், வடமேல் மாகாணங்களின் 8 மாவட்டங்களில் 2002 முதல் 2006 வரை ஆண்டுக்கொரு முறை ஹெட்ராசானும் அல்பென்டசோலும் மக்கள் அனைவருக்கும் வழங்கப்பட்டன. 2016 இல், யானைக்கால் நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கையில் நீங்கிவிட்டதென உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது. போரினாலும் 2004 ஆம் ஆண்டுக் கடற்கோளினாலும் அல்லலுற்ற கிழக்கு மாகாணம் அந்த 8 மாவட்டங்களுள் அடங்கியதன்று. அங்கு நோய் முன்னரே அடங்கிவிட்டதென்பதே அதற்குரிய கருத்து.

ஆனால் மறைந்ததெனக் கருதப்பட்ட புருகியா, நாற்பது ஆண்டுகளின் பின் மேல், வடமேல் மாகாணங்களின் சில இடங்களில் மீண்டும் தலைகாட்டியது. நாய்களிலும் பூனைகளிலும் அவ்வினப் புழு காணப்பட்டது. மனிதரின் இரத்தத்தில் மட்டும் தேடிக்கொண்டிருந்தால் போதாது என்ற பாடத்தை இது கற்பித்தது. மிதக்கும் களையும் மன்சோனியா நுளம்பும் உள்ள எந்நாட்டுக்கும் இப்பாடம் பொருந்தும். மட்டக்களப்பின் குளங்களும் அதற்கு விலக்கல்ல. களை படர்ந்த குளத்தைத் துப்புரவு செய்வது விளைச்சலுக்கு மட்டுமன்றி நோய்க்காப்புக்கும் உரிய வேலை.

புழு மடிந்தாலும் வீங்கிய கால் தானே சிறுத்துவிடுவதில்லை. சிதைந்த நிணநீர் நாளங்கள் பழைய நிலைக்கு மீள்வது அரிது. தோல் வெடிப்புக்களினூடாகப் புகும் சாதாரணக் கிருமிகளே அடிக்கடி காய்ச்சலையும் வீக்கத்தையும் தருகின்றன. புழுவே இல்லாத காலத்திலும் டொக்சிசைக்கிளின் இவ்வீக்கத்தைக் குறைக்குமா என்பதை அறியக் கானா, தன்சானியா, மாலி, இந்தியா ஆகிய நாடுகளோடு இலங்கையிலும் ஆய்வு நிகழ்ந்தது. உறுகுணைப் பல்கலைக்கழகம் அதிற் பங்குகொண்டது. அவ்வாய்வில் மருந்து பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒருங்கே விதிக்கப்பட்டது ஓர் எளிய ஒழுக்கம்: நாள்தோறும் சவர்க்காரமிட்டுக் காலைக் கழுவுதல், விரலிடுக்குகளில் ஈரமின்றித் துடைத்தல், இரவில் காலை உயர்த்தி வைத்தல், செருப்பணிதல், சிறு காயத்துக்கும் உடனே மருந்திடுதல். எம்மருந்தும் இவ்வொழுக்கத்தின் இடத்தை நிரப்பாது என்பதே அதன் அடிப்படை.

டொக்சிசைக்கிளின் இலங்கை உழவருக்கு முற்றிலும் அந்நியமானதன்று. எலிக்காய்ச்சல் அச்சமுள்ள இடங்களில், வயலில் இறங்குவோருக்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வாரத்துக்கு ஒரு முறை வழங்கும் மருந்து அதுவே. அதை வாங்கும் கை, ஒரு காலத்தில் சென்னையிற் படித்த ஒருவரின் தலைமையில் மிசூரி மண்ணிலிருந்து தொடங்கிய ஒரு நெடும் பயணத்தின் கடைசிப் படியிலிருந்து அதனை வாங்குகின்றது.

சுப்பாராவ் தம் இரு மருந்துகளின் உறவை அறியாமலே மறைந்தார். அவற்றை ஒன்றுசேர்த்த அறிவு, பொஸ்டனில் நுளம்பை ஆராய்ந்தவரிடமிருந்தும், நுணுக்குக்காட்டியில் விளங்காத உருவங்களைக் கண்டு அவற்றைப் பதிவு செய்து வைத்தவரிடமிருந்தும் வந்தது. அவர்களுள் எவரும் யானைக்காலுக்கு மருந்து தேடியவரல்லர். பயனற்றதெனத் தோன்றிய ஒரு குறிப்பு ஐம்பது ஆண்டுகள் ஏட்டிற் கிடந்து, பின்னர் துணியால் மறைத்த காலோடு பின்வரிசையில் நிற்கும் ஒருவனுக்கு உதவியாயிற்று. அவன் இனி மறைக்க வேண்டியதில்லை. அது முன்வினையுமன்று, தெய்வக் குற்றமுமன்று. ஒரு புழுவும், அப்புழுவுக்குள் வாழும் ஒரு நுண்ணுயிரும் செய்த வேலை. பெயரும் இயல்பும் அறியப்பட்ட பகைக்கு அஞ்சி ஒளிய வேண்டியதில்லை. கால் வீக்கத்தின் முதல் அறிகுறியிலேயே வைத்தியசாலைக்குச் செல்பவன், தன் முன்னோருக்குக் கிட்டாத ஒரு வாய்ப்பைக் கையில் வைத்திருப்பவனாவான்.